திருவொற்றியூர் கோவிலை அவசரப்படாம, கதையோட சேத்து பாக்குறது எப்படி

நம்ம வடசென்னைக்காரங்களுக்கே திருவொற்றியூர்னா வடிவுடையம்மன் கோவில் தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, அம்மனுக்கு ஒரு நெய் விளக்கு, சாமிக்கு ஒரு கும்பிடு, குங்குமத்தை பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு அரை மணி நேரத்துல வெளிய வந்துடுவாங்க. வேண்டுதலுக்கு போறவங்களுக்கு அது போதும், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துல இருந்து அவ்வளவு தூரம் டிராவல் பண்ணி வர்றவங்களும் அதே மாதிரி பாத்துட்டு கெளம்புறத பாக்கும்போது மனசு கேக்க மாட்டேங்குது. ஏன்னா இந்த கோவில்ல சொல்ற கதை ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு, சுந்தரர் சத்தியம் பண்ண மகிழ மரம், சாமி குடியிருக்கற புத்து, கம்பருக்கு பந்தம் பிடிச்ச அம்மன், பட்டினத்தார் லிங்கமா ஆன கடற்கரைன்னு எல்லாத்தையும் ஒரே காலைல நடந்து போயி பாத்துடலாம். கதை தெரியாம போனா மரம் வெறும் மரமா தான் தெரியும். அதனால எந்த வரிசையில பாக்கணும், எந்த இடத்துல என்ன கதைன்னு சொல்றேன், போன்ல சேவ் பண்ணி வச்சுக்கிட்டு அந்தந்த இடத்துல நின்னு படிங்க.

போறது இப்ப ரொம்ப ஈஸி. மெட்ரோல விம்கோ நகர் பக்கம் போற நீல லைன்ல ஏறி திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன்ல இறங்குங்க. அதுக்கு அடுத்து திருவொற்றியூர்னே இன்னொரு ஸ்டேஷன் வரும், அது வரைக்கும் போயிடாதீங்க, கோவிலுக்கு தேரடி தான் பக்கம். லோக்கல் டிரெயின்ல வர்றவங்க கும்மிடிப்பூண்டி லைன்ல திருவொற்றியூர்ல இறங்கி ஆட்டோ புடிக்கணும். கார் எடுத்துட்டு வர்றத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், சன்னதி தெருவும் மாட வீதியும் குறுகல், விசேஷ நாள்ல திருப்பக் கூட இடம் இருக்காது.

டைமிங் முக்கியம். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அப்புறம் சாயங்காலம் தான். அதனால காலைல ஏழு மணி வாக்குல உள்ள இருக்கற மாதிரி வாங்க, சாதாரண நாளா இருந்தா இன்னும் நல்லது, செவ்வாய் வெள்ளி பௌர்ணமி மூணும் கூட்டம். கடல் பக்கத்துலயே இருக்கறதால பத்து மணிக்கு மேல புழுக்கம் தாங்காது, வெளிப் பிரகாரத்துல கல்லு வேற கால சுடும், வயசானவங்கள கூட்டிட்டு வந்தா இத மனசுல வச்சுக்கோங்க.

அஞ்சு நிலை ராஜகோபுரம், கிழக்கு பாத்தது. உள்ள நுழைஞ்ச உடனே வலது கை பக்கம் வடிவுடையம்மன் சன்னதி, கால் தானா அங்க தான் போகும். என் அபிப்பிராயம், அம்மனை கடைசியா பாருங்க, முதல்ல நேரா மூலவர் கிட்ட போங்க. இந்த ஊருக்கு ஆதிபுரின்னு ஒரு பேரு, சாமி ஆதிபுரீஸ்வரர். பிரளயம் முடிஞ்சு திரும்ப உலகத்தை படைக்கலாம்னு பிரம்மா கெளம்பி வந்தப்ப, இங்க ஏற்கனவே சிவன் இருந்தாராம், தண்ணியெல்லாம் இந்த இடத்தை விட்டு ஒதுங்கி நின்னுச்சாம், அதனால உலகத்துலயே முதல் ஊரு இது தான்னு தலபுராணம் சொல்லுது. பக்கத்துல கடல் அலையடிக்கற ஊர்ல நின்னுக்கிட்டு இந்த கதைய கேட்டா அதோட அர்த்தம் தானா புரியும்.

மூலவர பாக்கும்போது நீங்க பாக்கறது லிங்கத்தை கிடையாது, கவசத்தை. உள்ள இருக்கறது புத்து. மண்ணு புத்து அப்படியே சுயம்பு லிங்கமா இருக்கறதால அதுக்கு பால், தண்ணின்னு அபிஷேகம் பண்ண முடியாது, கரைஞ்சுடும், கீழ பீடமா இருக்கற ஆவுடையாருக்கு மட்டும் தான் அபிஷேகம். வாசுகிங்கற நாகம் சாமிய கும்பிட்டு அவரோட ஐக்கியமான இடம்னு சொல்லி படம்பக்கநாதர்னு பேரு, புற்றிடங்கொண்டார்னும் சொல்லுவாங்க. வருஷம் பூரா கவசத்துக்குள்ள இருக்கற அந்த புத்தை கார்த்திகை மாச பௌர்ணமிய ஒட்டி மூணே நாள் மட்டும் திறந்து காட்டுவாங்க, அப்ப புனுகு, சாம்பிராணி தைலம் எல்லாம் சாத்துவாங்க. அந்த தைல வாசனை வரிசையில நிக்கும்போதே வந்துடும், கிட்ட போயி விளக்கு வெளிச்சத்துல கரு கருன்னு எண்ணெய் மினுமினுப்போட, மேடும் பள்ளமுமா இருக்கற அந்த வடிவத்தை ஒரு சில விநாடி தான் பாக்க விடுவாங்க, நகரு நகருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, ஆனா அந்த சில விநாடிக்காக மணிக்கணக்குல நிக்கலாம், சந்தேகமே இல்ல. இந்த மூணு நாள் வர்றவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன், கார்த்திகைங்கறது நம்ம ஊருக்கு மழைக்காலம், வரிசை தெருவுக்கு வந்துடும், அதனால குடை கட்டாயம். முதல் நாள் சாயங்காலம் தான் எல்லாரும் முண்டியடிப்பாங்க, ரெண்டாவது நாள் அதிகாலைல போனா கொஞ்சம் நின்னு பாக்கலாம்.

கும்பிட்டுட்டு உடனே வெளிய வந்துடாதீங்க, கருவறைய சுத்தி வந்து பின்பக்கம் போங்க. சாதாரணமா கருவறை பின்பக்கம் சதுரமா இருக்கும், இங்க வளைஞ்சு இருக்கும், யானை படுத்திருந்தா அதோட முதுகு எப்படி இருக்கும் அந்த மாதிரி, இதுக்கு தூங்கானை மாடம்னு பேரு. கருங்கல்லுல மூணு நிலை விமானமா இத கட்டினது ராஜேந்திர சோழன் காலத்துல, கட்டினவர் பேரு ரவின்ற வீரசோழத் தச்சன்னு கல்வெட்டுலயே இருக்கு. ஒரு தச்சரோட பேரு ஆயிரம் வருஷம் கழிச்சும் சுவத்துல நிக்குதுங்கறது எவ்வளவு பெரிய விஷயம், அந்த வளைவுல கல்லும் கல்லும் சேர்ற இடத்த பக்கத்துல போயி பாருங்க, அந்த ஆளோட கை நிதானம் தெரியும்.

சுவரு முழுக்க கல்வெட்டு தான், பல்லவர் காலத்துல இருந்தே இருக்கு. அதுல ஒருத்தரோட கதைய மட்டும் சொல்லிடறேன், ஏன்னா கோவிலுக்கு வர்ற பலருக்கு இது தெரியாது. கேரளாவுல இருந்து வல்லபன்னு ஒருத்தர், சோழ இளவரசர் ராஜாதித்தனுக்கு நெருங்கின நண்பர், படையிலயும் இருந்தவர். 949ல தக்கோலத்துல ராஷ்டிரகூடர்களோட நடந்த போர்ல ராஜாதித்தன் யானை மேலயே இறந்து போறாரு, அந்த நேரத்துல இவரால கூட நிக்க முடியல. நண்பனோட சேந்து சாகலயேங்கற துக்கத்துல எல்லாத்தையும் விட்டுட்டு திருவொற்றியூருக்கு வந்து சந்நியாசம் வாங்கிட்டு சதுரானன பண்டிதர்ங்கற பேருல இங்க இருந்த மடத்துக்கு தலைவராவே ஆயிட்டாரு. அந்த மடத்துல அவருக்கு பின்னாடி வந்தவங்களுக்கும் அதே பட்டம் தான், ராஜேந்திரன் காலத்துல விமானம் கட்ட வச்சதும் அந்த பட்டத்துல இருந்த ஒரு பண்டிதர் தான். புராணக் கதைக்கு எந்த விதத்துலயும் குறையாத கதை இது, கல்வெட்டுல இருந்து கெடைச்சது. இதே கோவில்ல பாணினி இலக்கணம் சொல்லிக் குடுக்கறதுக்குன்னே வியாகரண தான மண்டபம்னு ஒண்ணு இருந்துச்சு, சோழர் காலத்துல இது ஒரு படிப்பு நடந்த ஊரு.

சாமிக்கு எழுத்தறியும் பெருமான்னு இன்னொரு பேரு இருக்குல்ல, அதுக்கும் ஒரு கதை. மாந்தாதாங்கற ராஜா செலவை குறைக்கணும்னு கோவில்களுக்கு குடுக்கற படிய வெட்டச் சொல்லி ஓலை எழுத வச்சாராம், எழுதி முடிச்சு ஓலைய திரும்ப படிச்சு பாத்தா வரிக்கு நடுவுல "ஒற்றியூர் நீங்கலாக"ன்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க, எழுதினவருக்கும் தெரியல, படிச்சவருக்கும் தெரியல, சாமியே வந்து எழுதினாருன்னு ராஜா புரிஞ்சுக்கிட்டாராம். பசங்கள ஸ்கூல்ல சேக்கறதுக்கு முன்னாடி, பரீட்சைக்கு முன்னாடி இங்க கூட்டிட்டு வர்றதுக்கு இந்த கதையும் ஒரு காரணம்.

இப்ப வெளிப் பிரகாரத்துக்கு வந்து மகிழ மரத்தை தேடுங்க. இங்க தான் நீங்க ரொம்ப நேரம் நிக்கணும், இந்த ஊரோட பெரிய கதையே இங்க தான் நடந்துச்சு. மாதவரம் தாண்டி செங்குன்றம் பக்கத்துல ஞாயிறுன்னு ஒரு கிராமம் இருக்கு, அங்க பொறந்தவங்க சங்கிலி நாச்சியார். கல்யாணமே வேணாம், சிவனுக்கு தொண்டு பண்ணணும்னு பிடிவாதமா இருந்ததால பெத்தவங்க இவங்கள திருவொற்றியூர்ல ஒரு கன்னிமாடத்துல தங்க வச்சாங்க, தினமும் சாமிக்கு பூ கட்டி குடுக்கறது தான் வேலை. சுந்தரர் இந்த ஊருக்கு வந்து கோவிலுக்குள்ள இருக்கும்போது, பூமாலைய குடுத்துட்டு திரும்பற அந்த ஒரு நிமிஷத்துல இவங்கள பாத்துட்டாரு, அவ்வளவு தான். நேரா சாமி கிட்ட போயி எனக்கு இந்த பொண்ண கட்டி வைங்கன்னு கேட்டாரு. சிவன் அவருக்கு தோழராச்சே, சரின்னு சங்கிலியார் கனவுல போயி சுந்தரரை கட்டிக்கோன்னு சொல்ல, இந்த பொண்ணு பயப்படாம திருப்பி கேக்குது, அவருக்கு தான் திருவாரூர்ல பரவையார்னு ஒரு மனைவி இருக்காங்களே, என்னை விட்டுட்டு போயிட மாட்டாருன்னு என்ன நிச்சயம்னு. சாமியும் ஒத்துக்கிட்டு, உன்னை விட்டு பிரிய மாட்டேன்னு அவரை சத்தியம் பண்ண வைக்கறேன்னு சொல்லிட்டாரு.

இதை கேட்ட சுந்தரர் ஒரு யோசனை பண்ணாரு. நான் சத்தியம் பண்ண சன்னதிக்கு வரும்போது நீங்க அங்க இருக்காதீங்க, போயி மகிழ மரத்தடியில உக்காந்துக்கோங்க, அப்ப சத்தியம் பலிக்காதுன்னு சாமி கிட்டயே கேட்டுக்கிட்டாரு. சிவன் அதுக்கும் சரின்னுட்டாரு, ஆனா நேரா சங்கிலியார் கனவுக்கு போயி, நாளைக்கு அவரு சத்தியம் பண்ண வரும்போது சன்னதியில வேணாம், மகிழ மரத்தடியில பண்ணினா போதும்னு சொல்லும்மான்னு சொல்லிட்டாரு. மறுநாள் விடியக்காலைல சுந்தரர் வாங்க சன்னதிக்கு போலாம்னு கூப்பிட, கூட இருந்த தோழிப் பொண்ணுங்க, ஐயோ இதுக்கு போயி சாமி முன்னாடி சத்தியம் பண்ணுவாங்களா, மகிழ மரத்தடியில பண்ணுங்க போதும்னாங்க. அவரால என்ன சொல்ல முடியும், மரத்தை மூணு தடவ சுத்தி வந்து, உன்னை பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணி கல்யாணமும் நடந்துச்சு.

கொஞ்ச நாள் நல்லா தான் இருந்தாங்க. வசந்த காலம் வந்துச்சு, தென்றல் அடிச்சுச்சு, திருவாரூர்ல வசந்த விழா நடக்குமே, பரவையார் ஆடுவாங்களேன்னு ஞாபகம் வந்துடுச்சு சுந்தரருக்கு. கெளம்பிட்டாரு. திருவொற்றியூர் எல்லைய தாண்டி காலை வச்ச உடனே ரெண்டு கண்ணும் போச்சு. அப்படியே தடவித் தடவி பாடிக்கிட்டே போயி, திருவெண்பாக்கத்துல சாமி கிட்ட நீ இருக்கியான்னு கேட்டப்ப, இருக்கோம், போன்னு சொல்லி ஒரு ஊன்றுகோல் மட்டும் குடுத்தாராம். அந்த பழைய திருவெண்பாக்கம் இப்ப பூண்டி ஏரிக்குள்ள இருக்கு, நம்ம குடிக்கற தண்ணி வர்ற பூண்டி தான், ஏரி கட்டினப்ப ஊரு மூழ்கி கோவில வேற இடத்துல திரும்ப கட்டினாங்க. காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு வந்துச்சு, திருவாரூர் போயி தான் இன்னொரு கண்ணு.

எனக்கு இந்த கதையில ரொம்ப புடிச்சது சங்கிலியார் தான். சாமியே வந்து கனவுல சொன்னாலும் உடனே தலையாட்டாம, என் கதி என்னன்னு கேட்ட பொண்ணு. சாமி தன்னோட தோழன் பக்கம் சாயாம கடைசில இந்த பொண்ணு பக்கம் நின்னாரு பாருங்க, கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்க இந்த மரத்தை சுத்தி வந்து வேண்டிக்கறதுக்கு இத விட வேற காரணம் வேணாம். மாசி மாச பிரம்மோற்சவத்துல மகிழடி சேவைன்னு இந்த கல்யாணத்தையும் சத்தியத்தையும் நடத்தி காட்டுவாங்க, அந்த நாள் வர முடிஞ்சா கட்டாயம் வாங்க. சாதாரண நாள்ல வந்தா மரத்தடியில கீழ குனிஞ்சு பாருங்க, பூ பூக்கற சமயமா இருந்தா சின்ன சின்ன நட்சத்திரம் மாதிரி மகிழம்பூ உதிர்ந்து கெடக்கும், நாலு பூவ எடுத்து கர்ச்சீப்ல முடிஞ்சு வைங்க, காஞ்சு பழுப்பா போனாலும் வாசனை போகாது.

பிரகாரத்துல 27 நட்சத்திரத்துக்கும் 27 லிங்கம் இருக்கு. உங்க நட்சத்திரத்தை தேடி விளக்கு போட்டுட்டு வாங்க, வீட்ல இருக்கறவங்க நட்சத்திரத்தை முன்னாடியே எழுதிட்டு வந்துட்டா அங்க நின்னு போன் பண்ணி கேக்க வேண்டாம்.

அடுத்து வட்டப்பாறை அம்மன், வடக்கு பாத்த சன்னதி, சின்னது, ஆனா உள்ள போன உடனே பேச்சு தானா குறைஞ்சுடும். மதுரைய எரிச்சுட்டு கோவம் அடங்காம வந்த கண்ணகி தான் இவங்கன்னு ஒரு நம்பிக்கை, இங்க இருந்த கெணத்துக்குள்ள அவங்க இறங்கினப்ப சிவன் வட்டமான ஒரு பாறைய வச்சு மூடி இங்கயே இருக்க வச்சாருன்னு சொல்லுவாங்க, இந்த கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க, ஆனா கோவமும் கெணறும் பாறையும் எல்லாத்துலயும் வரும். ஆதிசங்கரர் வந்து ஸ்ரீசக்கரம் வச்சு உக்கிரத்தை குறைச்சாருன்னும் சொல்றாங்க. கம்பர் ராமாயணத்தை இந்த ஊர்ல உக்காந்து ராத்திரி ராத்திரியா எழுதினப்ப, வெளிச்சம் வேணும்னு இந்த காளி கிட்ட தான் கேட்டாராம், தாயே பந்தம் பிடின்னு. அவங்களும் பொண்ணு வடிவத்துல வந்து விடிய விடிய பந்தம் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களாம். எழுதறவங்க, படிக்கற பசங்க, நைட் ஷிப்ட்ல வேலை பாக்கறவங்க எல்லாரும் இந்த சன்னதியில ஒரு நிமிஷம் கண்ண மூடி நில்லுங்க.

இப்ப வாங்க வடிவுடையம்மன் கிட்ட. தெற்கு பாத்து நின்ன கோலம், திரிபுரசுந்தரின்னும் பேரு. எல்லா கதையும் கேட்டு முடிச்சுட்டு கடைசில அம்மா முன்னாடி வந்து நிக்கும்போது இருக்கற நிம்மதியே வேற, அதுக்காக தான் கடைசியா பாக்கச் சொன்னேன். வள்ளலார் (1823-1874) சின்ன வயசுல ஏழுகிணறு வீராசாமி தெருவுல அண்ணன் வீட்ல இருந்தாரு, அங்கருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வருவாரு. ஏழுகிணறுல இருந்து இங்க எவ்வளவு தூரம்னு நம்ம பக்கத்துக்காரங்களுக்கு தெரியும், தங்கசாலை தாண்டி, வண்ணாரப்பேட்டை தாண்டி, தண்டையார்பேட்டை தாண்டி. ஒரு நாள் ராத்திரி ரொம்ப லேட்டா திரும்பி போயிருக்காரு, வீட்டு கதவு சாத்தி இருக்கு, எழுப்ப மனசு வராம திண்ணையிலயே பசியோட படுத்துட்டாரு. கொஞ்ச நேரத்துல அண்ணி வந்து எழுப்பி சாப்பாடு போட்டாங்க, சாப்பிட்டு படுத்துட்டாரு. அப்புறம் நெஜமான அண்ணி வந்து சாப்பிட வாப்பான்னு கூப்பிட்டப்ப தான் தெரிஞ்சுது முதல்ல வந்தது யாருன்னு. இந்த அம்மன் மேல அவரு பாடினது தான் வடிவுடை மாணிக்க மாலை. பசியோட வர்ற புள்ளைக்கு சோறு போட்ட அம்மாங்கற இந்த ஒரு கதைய மனசுல வச்சுக்கிட்டு முகத்தை பாருங்க.

சங்கீதம் கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம், தியாகராஜ சுவாமிகள் இந்த ஊருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல அஞ்சு கீர்த்தனை பண்ணியிருக்காரு, அவரோட சிஷ்யர் வீணை குப்பையர் இந்த ஊர்க்காரர். வர்ற வழியில மெட்ரோல அந்த அஞ்சையும் கேட்டுக்கிட்டே வரலாம்.

கெளம்பறதுக்கு முன்னாடி அறுபத்து மூவர் வரிசையில கலிய நாயனாரை தேடி ஒரு கும்பிடு போடுங்க, இந்த ஊரு ஆள். செக்கு ஆட்டற குடும்பம், எண்ணெய் வியாபாரம், நல்ல வசதி. கோவில் பூரா விளக்கு போடறத ஒரு கடமையா வச்சிருந்தாரு. வசதி போச்சு, கூலிக்கு எண்ணெய் விக்கப் போனாரு, அதுவும் போச்சு, கூலிக்கு செக்கு ஆட்டினாரு, அதுவும் போச்சு. வீட்ட வித்தாரு, கடைசில ஒரு நாள் விளக்குக்கு ஊத்த ஒரு சொட்டு எண்ணெய் இல்லைன்னதும், விளக்கு அணையக் கூடாதுன்னு தன் கழுத்தை அறுத்து ரத்தத்தை ஊத்தப் போனாரு, அப்ப தான் சாமி கைய புடிச்சாரு. பெரிய ராஜா, பெரிய புலவர் கதைக்கெல்லாம் நடுவுல எண்ணெய் விக்கற ஒருத்தரோட கதை. நீங்க பாக்கெட் எண்ணெய் வாங்கி விளக்குல ஊத்தும்போது இவரை நெனச்சுக்கோங்க.

வெளிய வந்து சன்னதி தெருவுல டிபன் சாப்பிட்டுட்டு ஆட்டோல கடல் பக்கம் பட்டினத்தார் கோவிலுக்கு போங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம், கண்டெய்னர் லாரி விடாம ஓடற ரோடு, நடந்து போறதா இருந்தா பசங்க கைய கெட்டியா புடிச்சுக்கோங்க. பூம்புகார்ல பெரிய கப்பல் வியாபாரியா இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த பட்டினத்தார் கையில எப்பவும் பேய்க்கரும்பு வச்சிருப்பாராம், கசக்கும் அது, எந்த ஊர்ல இனிக்குதோ அது தான் உனக்கு முக்தி தர்ற எடம்னு சொல்லியிருக்கு. ஊரு ஊரா சுத்தி கடைசில இங்க வந்து கடிச்சப்ப இனிச்சுச்சு. அப்புறம் அவரு பண்ணது என்னன்னா, இங்க மீனவப் பசங்க கூட விளையாட ஆரம்பிச்சுட்டாரு. கூடைய போட்டு என்னை மூடுங்கடான்னு சொல்லுவாரு, மூடிட்டு திறந்தா ஆள் இருக்க மாட்டாரு, வேற எங்கயோ இருந்து சிரிச்சுக்கிட்டு வருவாரு. ஒரு தடவ மூடிட்டு திறந்து பாத்தா லிங்கம் தான் இருந்துச்சு. அந்த லிங்கத்தை தான் நீங்க பாக்கறீங்க. அவ்வளவு பெரிய ஞானி கடைசி நாள கழிக்க தேடினது கடற்கரை பசங்களோட விளையாட்டுன்னு நெனைக்கும்போது நம்ம ஊரு பசங்க மேல தனி மரியாதை வரும்.

ஆடி மாசம் வரலாம்னு இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஆடி சுவாதி சுந்தரர் குருபூஜை, ஆடி கேட்டை கலிய நாயனார், ஆடி உத்திராடம் பட்டினத்தார். நட்சத்திர வரிசைய பாத்தா மூணும் பெரும்பாலும் ஒரே வாரத்துல வரும், இந்த ஊரோட மூணு பேருக்கும் ஒரே வாரம். காலண்டர பாத்து ஒண்ணுக்காவது வாங்க.

நேரம் இருந்தா திரும்பி போகும்போது காலடிப்பேட்டையில இறங்கி கல்யாண வரதராஜ பெருமாளையும் பாத்துடுங்க. காலெட்னு ஒரு வெள்ளைக்கார கவர்னர் (1717-1720ல இருந்தவர்), அவரு ஆபீஸ்ல வீரராகவன்னு ஒருத்தர் வேலை பாத்தாராம், காஞ்சி வரதரை பாக்காம இருக்க மாட்டாராம். இப்ப காஞ்சில பெருமாளுக்கு என்ன நடக்குது சொல்லு பாப்போம்னு கவர்னர் சோதிக்க, இவரு கண்ண மூடிக்கிட்டு நடக்கறத சொல்ல, ஆள் விட்டு விசாரிச்சா அப்படியே சரியா இருந்துச்சாம். அதுக்கப்புறம் கவர்னரே இங்க கோவில் கட்ட ஏற்பாடு பண்ணாருங்கறது கதை.

கடைசியா பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தா பண்ற மூணு அம்மன் தரிசனம். ஒரு சிற்பி அம்மன் சிலைக்குன்னு எடுத்துட்டு வந்த கல்லு உருண்டு மூணா ஒடைஞ்சு போச்சாம், மனசு ஒடைஞ்சு உயிரையே விடப் போனவர் கிட்ட அம்மனே வந்து மூணு துண்டுலயும் என்னையே செய்னு சொன்னாளாம். மேலூர் திருவுடையம்மன் இச்சா சக்தி, நம்ம வடிவுடையம்மன் ஞான சக்தி, வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் கிரியா சக்தி. காலைல மேலூர், உச்சிப் பொழுதுல திருவொற்றியூர், சாயங்காலம் முல்லைவாயில், ஒரே நாள்ல முடிக்கணும். காலைல முதல் டிரெயின்கள்ல ஒண்ண புடிச்சு கும்மிடிப்பூண்டி லைன்ல மீஞ்சூர்ல இறங்கி அங்கருந்து ஆட்டோல மேலூர், திரும்ப அதே லைன்ல திருவொற்றியூர். இங்க நடை சாத்தறதுக்கு முன்னாடி வந்து சேரணும், அது தான் இந்த நாள்ல ஒரே டென்ஷன், மேலூர்ல ஒன்பது மணிக்கு மேல நிக்காதீங்க. மத்தியானம் சாப்பிட்டு ரெஸ்ட் எடுத்துட்டு, டிரெயின்ல பேசின் பிரிட்ஜ் வந்து ஆவடி லைன் மாறி திருமுல்லைவாயில்ல இறங்கி ஆட்டோ. அங்க நந்தி சாமிய பாக்காம வாசல பாத்து திரும்பி உக்காந்திருக்கும், தொண்டைமான் ராஜாவுக்கு துணையா சண்டைக்கு கெளம்பின கோலம், வெள்ளெருக்கு தூண் ரெண்டு இருக்கும், மறக்காம பாருங்க. இந்த நாள்ல திருவொற்றியூர்ல ஒரு மணி நேரத்துக்கு மேல கெடைக்காது, அதனால மேல சொன்ன கதைய எல்லாம் நின்னு பாக்கறதுக்கு வேற ஒரு நாள் தனியா ஒதுக்கிடுங்க.